லோ ஆனால் லட்டு வேண்டாம்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சுகர் திடீரென்று இறங்கினால் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எண்கள் எல்லாம் குளுக்கோமீட்டரில் தெரிகிற மி.கி. கணக்கில். 70-க்குக் கீழே வந்தால் லோ. 54-க்குக் கீழே வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க நேரமில்லை. முதலில் சர்க்கரை, பிறகுதான் மற்றதெல்லாம்.

என் மகளுக்கு எட்டு வயது, 25 கிலோ எடை. சுகர் 60-க்கு வந்தால் ஒரு லட்டோ பால் சாக்லேட்டோ கொடுப்பேன். இருபது நிமிடம் ஆகியும் ஏறாது. பயந்துபோய் இன்னொன்று கொடுப்பேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 320 காட்டுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
– ஒரு தாய், கும்பகோணம்

லட்டில்தான் தப்பு. சாப்பிட்ட சர்க்கரை இரைப்பையில் கிடக்கும் வரை ரத்தத்துக்குப் பயனில்லை. சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் உறிஞ்சப்படும். நெய்யும் எண்ணெயும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து போனால் இரைப்பை அதை நிதானமாகத்தான் கீழே விடும். அதற்குள் நீங்கள் இரண்டாவது லட்டையும் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. அந்த 320 அப்படி வந்ததுதான்.

லோவுக்குக் கொடுப்பதை மருந்து மாதிரி அளந்து கொடுங்கள். குழந்தைகளுக்குக் கணக்கு, கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். உங்கள் மகளுக்கு 7.5 கிராம் வரும். சீனி என்றால் டீஸ்பூனில் தலை தட்டி இரண்டு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். பெரிய டம்ளர் நிறையக் கரைத்தால் குழந்தை பாதியில் வைத்துவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சீனி சீக்கிரம் கரையும். ஆனால் சூடாக இருக்கக் கூடாது. ஆற்றி ஆற்றிக் குடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும்.

குடித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் குழந்தையை உட்கார வையுங்கள். ஓடவோ படியேறவோ விடாதீர்கள். பிறகு மறுபடி விரலில் குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே இரண்டு டீஸ்பூன் மறுபடியும். இரண்டு தடவை கொடுத்தும் ஏறாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசி தவறுதலாக இரண்டு முறை போடப்பட்டதா என்றும் வீட்டில் விசாரியுங்கள். தாத்தா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று போட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

குழந்தை வளர வளர அளவும் மாறும். 40 கிலோவில் 12 கிராம், 50 கிலோவில் 15 கிராம். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் 15 கிராம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டில் எப்போதும் கருப்பட்டி, தேன், வாழைப்பழம், குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கும். தெருமுனையில் இளநீர் கிடைக்கும். இதில் எது நல்லது? என் தம்பிக்கு 22 வயது.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, மருந்துக் கடையில் கிடைக்கும் வெறும் குளுக்கோஸ் பவுடர். ரத்தத்தில் ஓடுவதே குளுக்கோஸ்தான் என்பதால் அதைச் செரிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மணம் சேர்த்த வகைகளில் சீனியும் கலந்திருக்கலாம், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கலந்திருந்தாலும் வேலை செய்யும், சற்றே மெதுவாக. பவுடர் பஞ்சு மாதிரி இருப்பதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். சமையலறைத் தராசில் ஒரே ஒரு முறை 15 கிராம் நிறுத்து, உங்கள் வீட்டு ஸ்பூனில் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

சீனி அடுத்த இடம். அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் நேரே கல்லீரலுக்குப் போய்விடும், மீட்டரில் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் தலை தட்டிய நான்கு டீஸ்பூன் சீனி பெரும்பாலான லோக்களைச் சமாளித்துவிடும். எந்த வீட்டிலும் இருக்கிற பொருள் என்பது அதன் பெரிய பலம்.

கருப்பட்டியும் வெல்லமும் பனங்கற்கண்டும் பெரும்பகுதி இதே சீனிதான். ‘கருப்பட்டி சுகரை ஏற்றாது’ என்று உங்கள் ஊரில் சொல்வார்கள். ஏற்றும், அதனால்தான் இங்கே அது பயன்படுகிறது. சிக்கல் அதன் வடிவத்தில். கட்டியாக வாயில் ஒதுக்கிக்கொண்டால் கரைய நேரமாகும். நசுக்கி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துத்தான் கொடுக்க முடியும். லோவில் கை நடுங்குகிறவர் உரலைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? கற்கண்டுக்கும் இதே குறை.

தேன் ஒரு மேசைக்கரண்டியில் (15 மில்லி) ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை வரும். வேகமும் போதுமானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

வாழைப்பழத்தில் நார் உண்டு, மாவுச்சத்தும் உண்டு. காய்வெட்டாக இருந்தால் மாவு அதிகம், கனிந்தால் சர்க்கரை அதிகம். எவ்வளவு என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. லோ சரியான பிறகு சாப்பிட நல்ல பழம். முதல் உதவிக்கு வேண்டாம்.

குளுக்கோஸ் பிஸ்கட்டின் பெயர் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. அது கோதுமை மாவும் எண்ணெயும் சீனியும் சேர்ந்த பிஸ்கட். மாவு செரித்து வர வேண்டும், எண்ணெய் அதையும் தாமதப்படுத்தும். வாய் உலர்ந்திருக்கும்போது பிஸ்கட்டை மென்று விழுங்குவதும் கஷ்டம்.

இளநீரில் சர்க்கரை குறைவு. நூறு மில்லிக்கு மூன்று, நான்கு கிராம்தான், அதுவும் காய்க்குக் காய் மாறும். 15 கிராம் கிடைக்க இரண்டு காய் வெட்ட வேண்டியிருக்கும். கரும்புச்சாறு நேர்மாறு: அரை டம்ளரிலேயே வேண்டிய சர்க்கரை இருக்கிறது, கடையில் தருகிற முழு டம்ளர் இரட்டை டோஸ்.

பால் கலந்த காபியும் பலர் கை போகிற இடம். இரண்டு டீஸ்பூன் சீனி போட்ட ஃபில்டர் காபியில் 8 கிராம்தான் வேகமான சர்க்கரை. பாலின் கொழுப்பு வேறு கூடச் சேர்கிறது. அவசரத்துக்குக் காபிப் பொடியையும் பாலையும் விட்டுவிட்டுச் சீனித் தண்ணீரையே குடிக்கலாம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைவசம் இருக்கிறது. லோவுக்கு அதைக் கொடுக்கலாமா?
– ஒரு ஆசிரியர், தருமபுரி

வயிற்றுப்போக்குக்குச் செய்த பொருள் அது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, ஒரு லிட்டரில் கரைக்கும் 20.5 கிராம் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குடித்தால் உள்ளே போவது 2.7 கிராம். ஆரம்பப் பள்ளி மாணவனுக்குக்கூடப் போதாது. பாக்கெட் முழுவதையும் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். உப்பு ஐந்து மடங்காகும், குமட்டும். செய்யாதீர்கள்.

கல்லூரி விடுதியில் இருக்கிறேன். தோளில் சுகரை அளந்து போனுக்கு அனுப்பும் சென்ஸார் போட்டிருக்கிறேன். லோ வந்தால் பதினைந்து நிமிடம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குளுக்கோஸ் சாப்பிட்ட பிறகும் போனில் எண் இறங்கிக்கொண்டே போகிறது. பதற்றத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் தின்றுவிடுகிறேன்.
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் பசி பொய்யில்லை. லோவில் உடல் அட்ரினலினைச் சுரக்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதனால். மூளை ‘சாப்பிடு’ என்று கத்தும். சர்க்கரை ஏறிய பிறகும் அந்தப் படபடப்பு அடங்கச் சிறிது நேரமாகும். ஆகவே, ‘இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது’ என்பதை வைத்து அடுத்த டோஸை முடிவு செய்தால் எப்போதும் அதிகமாகவே சாப்பிடுவீர்கள். எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் எந்த எண்? சென்ஸார் அளப்பது தோலுக்கடியில் இருக்கும் திசுநீரை. ரத்தத்தில் ஏறிய குளுக்கோஸ் அங்கே வந்து சேரப் பத்து நிமிடம் பிடிக்கலாம், வேகமான மாற்றத்தில் இன்னும் கூட ஆகலாம். நீங்கள் போனில் 58, கீழ்நோக்கிய அம்பு என்று பார்க்கிற நேரத்தில் ரத்தத்தில் 80 இருக்கக்கூடும். லோவுக்குப் பிந்திய முதல் அரை மணி நேரத்துக்கு விரல் நுனி மீட்டரை நம்புங்கள்.

குத்துவதற்கு முன் கை கழுவ வேண்டும். குளுக்கோஸ் பவுடரைப் பிரித்த விரல் அது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டியிருந்தாலே, லோவில் இருக்கிற ஆளுக்கு மீட்டர் 200-க்கு மேல் காட்டிவிடும். அதைப் பார்த்து யாராவது இன்சுலின் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் கிடைக்காவிட்டால் முதல் சொட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வையுங்கள்.

சாப்பிட்டுத் தள்ளுவதை நிறுத்த மனவலிமையை நம்ப வேண்டாம், பொட்டலத்தை நம்புங்கள். 15 கிராம் வீதம் குளுக்கோஸைச் சின்ன ஜிப் கவர்களில் போட்டு, கட்டிலருகில் இரண்டு, பையில் இரண்டு, வண்டிப் பெட்டியில் இரண்டு என்று வையுங்கள். பெரிய டப்பாவும் ஸ்பூனும் லோ நேரத்தில் கண்ணில் படக் கூடாது. கடலோர ஊர்களில் பவுடர் ஈரம் இழுத்துக் கல்லாகிவிடும். மாதம் ஒரு முறை கவரை அழுத்திப் பார்த்து மாற்றுங்கள். மாத்திரையாக வருவதும் உண்டு. ஒரு மாத்திரையில் 3 கிராமா, 4 கிராமா என்று அட்டையில் பார்த்து, 15 கிராமுக்கு எத்தனை என்று மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஹோட்டலில் மாட்டிக்கொண்டால் மேசையில் இருக்கும் சீனிப் பொட்டலங்கள் உதவும்; பெரும்பாலும் ஒன்று 5 கிராம், அதிலேயே எழுதியிருக்கும்.

இன்னொன்று: இரவில் சென்ஸார் இருக்கும் கைமேல் படுத்தால் அழுத்தத்தில் பொய் லோ காட்டும். அலாரம் அடித்தால் முதலில் புரண்டு படுத்து, விரலில் பாருங்கள். வியர்த்துக்கொண்டு எழுந்தால் மட்டும் பார்க்கக் காத்திருக்க வேண்டாம், சாப்பிட்டுவிடுங்கள்.

லோ வந்து சரியான பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டுமா? இரவு ஊசியை அன்றைக்கு விட்டுவிடலாமா? மகனுக்கு அரசு மருத்துவமனையில் தரும் இன்சுலின்தான், காலையும் இரவும்.
– ஒரு தந்தை, விழுப்புரம்

ஊசியை விடக் கூடாது. டைப் 1-ல் உடலுக்குச் சொந்த இன்சுலின் கிட்டத்தட்ட இல்லை. லோ வந்ததே என்று இரவு ஊசியை நிறுத்தினால் விடிவதற்குள் சர்க்கரை ஏறி, கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்ந்து, வாந்தியோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரும். சாப்பாட்டு நேரத்தில் லோ என்றால் வரிசை இது: முதலில் குளுக்கோஸ், 70-க்கு மேல் வந்ததை உறுதி செய்வது, பிறகு ஊசி, உடனே சாப்பாடு. வழக்கமான அரை மணி நேர இடைவெளி அன்று வேண்டாம். யூனிட்டைக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். லோவுக்குக் கொடுத்த சர்க்கரைக்கு ஈடாகத் தனியாக இன்சுலின் போடவும் கூடாது.

சாப்பிட வைக்க வேண்டுமா என்பது எந்த இன்சுலின் என்பதைப் பொறுத்தது. கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலின், போட்ட நான்கிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை அதன் இழுப்பு இருக்கும். குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் தீராது. அதனால் உங்கள் மகனுக்கு லோ சரியான பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், ஒரு இட்லியோ, அரை டம்ளர் பாலும் இரண்டு மாரி பிஸ்கட்டுமோ கொடுங்கள். சுமார் 10–15 கிராம் மாவுச்சத்து, மெதுவாக வேலை செய்யும் வகை. மெதுவான உணவுக்கு இடம் இங்கேதான்.

காலை ஊசிக்கும் இது பொருந்தும். பதினொரு மணி வாக்கில் பள்ளியில் ஒரு சிற்றுண்டி சாப்பிடாவிட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன் லோ வரலாம். நாளெல்லாம் ஒரே சீராக வேலை செய்யும் புதிய வகை நீண்ட நேர இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாம் சாப்பாடு பல நேரங்களில் தேவைப்படாது.

லண்டனில் இருக்கிறோம். கணவருக்கு இருபது வருடமாக டைப் 1. முன்பெல்லாம் லோவுக்கு 100 மில்லி லூக்கோஸேட் குளிர்பானம் குடித்தால் போதும். இப்போது அது சரியாக வேலை செய்வதே இல்லை. உடம்பில் ஏதாவது மாறிவிட்டதா?
– ஒரு வாசகி, ஹாரோ

போத்தலில்தான் மாறியது. பிரிட்டனில் குளிர்பானச் சர்க்கரை வரி 2018 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பே, 2017-ல், லூக்கோஸேட் எனர்ஜியின் சர்க்கரையை 100 மில்லிக்கு 17 கிராமிலிருந்து 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இறக்கிவிட்டார்கள். பழைய அளவைக் குடித்தால் பாதி டோஸ்தான் உள்ளே போகும். இப்போது 15 கிராமுக்கு 170 மில்லி குடிக்க வேண்டும். சர்க்கரை குறைக்காத சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10–11 கிராம். 150 மில்லி போதும். ‘டயட்’, ‘ஸீரோ’ என்று போட்டிருந்தால் அதில் ஒன்றும் இல்லை. செய்முறை எப்போது வேண்டுமானாலும் மாறும், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்பக்கத்தைப் படியுங்கள். மாத்திரை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

உங்கள் மீட்டர் மில்லிமோல் கணக்கில் இருக்கும். இங்கே சொல்லும் 70 உங்களுக்கு 3.9, 54 என்றால் 3.0. அங்குள்ள வழிகாட்டல் 4-க்குக் கீழே வந்தாலே லோ என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. கணவர் சென்ஸாரோடு பேசித் தானாக இன்சுலினைக் குறைக்கிற பம்ப் அணிந்திருந்தால் 15 கிராம் அதிகமாகிவிடக்கூடும். பம்ப் முன்பே இன்சுலினை நிறுத்தியிருக்கும் என்பதால் பலருக்கு 5–10 கிராமே போதும். அவருடைய நர்ஸிடம் கேட்டு அளவை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இன்சுலினோடு வோக்லிபோஸ் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சீனித் தண்ணீர் கொடுத்தும் சுகர் ஏறவில்லை.
– ஒரு வாசகர், சேலம்

ஏறாது. சீனியை உடைக்கிற நொதியைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அவருக்கு வெறும் குளுக்கோஸ் பவுடர் அல்லது குளுக்கோஸ் மாத்திரைதான். சீனி, வெல்லம், சர்பத் எதையும் நம்ப வேண்டாம். அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்.

நினைவில்லாமல் வெட்டு வந்துவிட்டால் வாயில் சர்க்கரை போடலாமா? போன மாதம் பக்கத்து வீட்டார் வந்து கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள்.
– ஒரு சகோதரி, நாகர்கோவில்

வாயில் எதுவும் போடக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் லோவை விடப் பெரிய ஆபத்து. பல்லுக்கிடையில் ஸ்பூன் வைக்காதீர்கள். சாவியால் கெடுதல் ஒன்றும் இல்லை, நேரம்தான் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் நுரை இருந்தால் வெளியே வழியட்டும். ஒருவர் 108-ஐ அழைத்து, ‘டைப் 1, சுகர் லோ, நினைவில்லை’ என்று சொல்லட்டும். இன்சுலின் யாரும் போடக் கூடாது.

வீட்டில் வைத்திருக்க வேண்டியது, கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குத் தள்ளும் குளுக்ககான் ஊசி. எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. மருத்துவரின் சீட்டோடு சொல்லி வைத்து வாங்குங்கள். தூளும், ஊசியில் நிரப்பிய திரவமும் தனித்தனியாக இருக்கும். திரவத்தைத் தூள் குப்பிக்குள் செலுத்தி, மெல்லச் சுழற்றி, தெளிந்ததும் மறுபடி உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்க நடுவில் குத்த வேண்டும். 25 கிலோவுக்குக் கீழே அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம். பத்து, பதினைந்து நிமிடத்தில் நினைவு திரும்பும், கூடவே வாந்தியும் வரலாம். அதற்கும் ஒருக்களித்த நிலைதான் காப்பு. நன்றாக விழித்து, விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு சீனித் தண்ணீர், அப்புறம் இட்லி. காலாவதியான பெட்டியைத் தூக்கிப் போடாமல், அதை வைத்து வீட்டில் எல்லோரும் ஒரு முறை கலக்கிப் பழகுங்கள்.

குடித்திருந்தால் இந்த ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். கல்லீரலில் இருக்கும் சேமிப்பை வெளியே தள்ளுவதுதான் குளுக்ககான். மது உள்ளே இருக்கும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிடும், அந்தத் தடை மறுநாள் காலை வரைகூட நீளும். மது வாடையைப் பார்த்துப் ‘போதை, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவதுதான் இதில் மிக மோசம்.

பொதுத்தேர்வு அறைக்குள் என்ன கொண்டுபோகலாம்?
– ஒரு மாணவியின் தாய், சென்னை

சி.பி.எஸ்.இ. 2017 முதலே டைப் 1 மாணவர்களுக்கு இனிப்பு மாத்திரை, பழம், சிறு தின்பண்டம், சின்னத் தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை அனுமதிக்கிறது. அனுமதியில் சாக்லேட்டும் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்துப் போக வேண்டாம். குளுக்கோஸ் மாத்திரையே போதும், உறை சத்தம் போடாத டப்பாவில், ஒளி ஊடுருவும் பையில். மற்ற வாரியங்களின் தேர்வென்றால் மருத்துவரின் சான்றோடு பள்ளித் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஹால் டிக்கெட் எடுக்கும்போதே ஒரு முறை சுகர் பாருங்கள். 70-ஐ ஒட்டி இருந்தால் அறைக்குள் போவதற்கு முன்பே ஒன்றிரண்டு மாத்திரை சாப்பிட்டுவிடலாம். பரீட்சையின் நடுவில் கேள்வித்தாளின் ஒரே வரியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறாவிட்டால் அது பாடம் மறந்ததாக இல்லாமல் லோவாகவும் இருக்கலாம் என்று மகளுக்குச் சொல்லி வையுங்கள். கையை உயர்த்தி, அறைக் கண்காணிப்பாளரிடம் மாத்திரையைக் கேட்டு வாங்கி மென்றுவிட்டு, பத்து நிமிடம் பேனாவைக் கீழே வைக்கட்டும்.